பந்து எந்தப் பக்கம் இருந்தது

உக்காரு கீர்த்தி. அங்க இல்ல, இப்படி என் பக்கத்துல. கோச் ஸ்டீபன் சார் வர இன்னும் அரை மணி நேரம் ஆகும். ஷூவ இப்ப போடாத. கால நீட்டு, கட்டு போட்டு விடறேன். ஏன் யோசிக்கிற? இந்த கெடிலம் ஃபுட்பால் கிளப்புல பதிமூணு வருஷமா எல்லாருக்கும் கணுக்கால் கட்டு நான்தான் போடறேன். கேப்டன்னா டாஸ் போடறதோட வேலை முடிஞ்சிடுமா? நீட்டு.

நாளைக்கு இந்நேரம் நீ கொல்கத்தா ரயில்ல இருப்ப. நம்ம மாநில லீக்ல ரெண்டே சீசன் ஆடிட்டு தேசிய லீக் கிளப்புக்குப் போற, அதுவும் பத்தொம்பது வயசுல. எனக்கு சந்தோஷம்தான். மூஞ்சியப் பாத்து எடை போடாத. என் மூஞ்சி எப்பவும் இப்படித்தான் இருக்கும்.

சார் உன்ன இன்னைக்கு பயிற்சிக்கு வர வேணாம்னு சொன்னாராமே. பொட்டி கட்டட்டும், வீட்ல ரெஸ்ட் எடுக்கட்டும்னாராம். கூட ஆடினவங்களோட கடைசியா ஒரு ஆட்டம் ஆடாம எப்படி அனுப்பறது? அதான் நானே உங்க அம்மாவுக்குப் போன் பண்ணி அனுப்பி வைங்கன்னேன். பாவம், உடனே சரின்னாங்க. கௌசல்யா சொன்னா சரியாத்தான் இருக்கும்னாங்க.

அவளுங்க எல்லாம் ஏன் அந்தக் கோல் போஸ்ட்டுகிட்டயே நின்னு நம்மளப் பாக்கறாளுங்க? பாக்கட்டும். நீ கால ஆட்டாத.

மங்கையப் பத்தி உன்கிட்ட சொல்லியிருப்பாளுங்க. மங்கையர்க்கரசின்னு முழுப் பேரு. நீ வர்றதுக்கு முன்னாடியே போயிட்டா. ஆளாளுக்கு ஒண்ணு சொல்லுவாளுங்க. கிளப் வீட்ல அவ கூட எட்டு வருஷம் ஒரே ரூம்ல இருந்தவ நான். என்கிட்ட கேட்டுக்க.

பதினாறு வயசுல வந்தா. குறிஞ்சிப்பாடி பக்கம் அவ ஊரு. அம்மாவுக்கு முந்திரிக்கொட்டை உடைக்கிற வேலை. இவளும் கூட உக்காந்து உடைச்சிருக்கா. அந்த எண்ணெய் பட்டா கைத்தோல் கருத்துப் போயி உரியும். சோறு பிசையவே கூச்சப்படுவா. நான்தான் தேங்காயெண்ணெய் தேய்ச்சுத் தேய்ச்சு மாசக்கணக்கா அந்தக் கறையப் போக்கினேன். அத அவ யாருகிட்டயும் சொன்னதில்ல. அதனால நான் சொல்றேன்.

இடது கால் ஆட்டக்காரி. பந்து அந்த இடது கால விட்டு ஒரு சாண் நகராது. வலது கால் உனக்கு சும்மா நிக்கறதுக்கு மட்டும்தான்டின்னு சார் கேலி பண்ணுவாரு. நான் ஸ்டாப்பர், அவ ஃபார்வர்ட். பின்னாடி நான் பந்தப் பிடுங்கி நீளமா ஒண்ணு அடிச்சேன்னா, முன்னாடி அவ ஏற்கெனவே ஓடிகிட்டு இருப்பா. திரும்பிக்கூடப் பாக்க மாட்டா. எங்க போடுவேன்னு அவளுக்குத் தெரியும். அவ இங்க ஆடின கடைசி சீசன்ல பத்தொம்பது கோல் போட்டா. பேப்பர்ல அவ போட்டோ வந்துச்சு. அந்தப் போட்டோல ஓரமா ஒரு கை தெரியும், அது என் கை.

நாமக்கல்ல ஒரு லீக் மேட்ச். கோவாவுல இருக்கிற ஒரு தேசிய லீக் கிளப்புலேர்ந்து ஒருத்தர் வந்து பாத்தாரு. அரைகுறைத் தமிழ். ஆட்டம் முடிஞ்சதும் மத்தவங்க எல்லாரையும் விட்டுட்டு நேரா என்கிட்ட நடந்து வர்றாரு. எனக்கு நெஞ்சு அடிச்சுகிச்சு பாரு, இப்பக்கூட நினைச்சா ஒரு மாதிரி இருக்கு. வந்து நின்னு, அந்தப் பத்தாம் நம்பர் பொண்ணோட போன் நம்பர் குடுங்கம்மான்னாரு.

குடுத்தேன். பதட்டத்துல ஒரு எண் மாறிடுச்சு போல. தினம் கூப்பிடற நம்பர்தான், இல்லங்கல. ஆனா இப்பல்லாம் பேரத் தொட்டா போன் போவுது, நம்பர யாரு மனசுல வச்சிருக்கா?

பொண்ணு எப்படின்னு கேட்டாரு. நல்ல பொண்ணு சார், ஆனா வீட்ட விட்டு ரொம்ப நாள் இருக்க மாட்டா, இந்தி சுத்தமா தெரியாது, மழைக்காலத்துல முட்டி வலிக்குதும்பான்னு சொன்னேன். கேட்டா உள்ளதச் சொல்லணும்ல. நாளைக்கு அவங்க கூட்டிகிட்டுப் போயி ஏமாந்துட்டா நம்ம கிளப்புக்குத்தான கெட்ட பேரு.

மூணு வாரம் கழிச்சு அந்த ஆளு எப்படியோ சார் நம்பரப் பிடிச்சு சாருக்கே பேசிட்டாரு. சார் மங்கையக் கூப்பிட்டுச் சொல்லியிருக்காரு. அவ கிரவுண்டுலேர்ந்து வீட்டுக்கு ஓடியே வந்தா. நான் அடுப்புகிட்ட இருந்தேன்.

"கௌசி, அவரு நாமக்கல்லயே உன்கிட்ட பேசினாராமே. நீ சொல்லவே இல்ல."

"மறந்துட்டேன்டி."

கொஞ்ச நேரம் என்னையே பாத்தா. அப்புறம் சிரிச்சுட்டா. அவ குணம் அப்படி. "நீயும் வா கௌசி, நான் அவங்ககிட்ட உனக்கும் கேக்கறேன்"ன்னா.

நான் கேக்கச் சொல்லல. நல்லா கேட்டுக்க, நான் ஒரு வார்த்தை கேக்கச் சொல்லல. ரெண்டு நாள் கழிச்சு மூஞ்சியத் தொங்கப் போட்டுகிட்டு வந்து நிக்கிறா. "ஸ்டாப்பர் நிறைய பேர் இருக்காங்களாம் கௌசி. உன் வயசையும் கேட்டாங்க"ன்னா. எனக்கு அப்ப இருபத்தெட்டு. அன்னைக்கு அவளுக்காக நெத்திலிக் கருவாட்டுக் குழம்பு வச்சிருந்தேன். சட்டியோட எடுத்துட்டுப் போயி தெருநாய்க்குக் கொட்டிட்டேன். கெட்டுப் போயிருந்துச்சு.

அந்தக் கால இப்படித் திருப்பு. ஆங், அப்படி.

கிளப் மாறணும்னா ஆதார், பிறப்புச் சான்றிதழ் எல்லாம் கம்ப்யூட்டர்ல ஏத்தணும். கடைசி தேதின்னு ஒண்ணு இருக்கு, அது தாண்டினா அந்த சீசன் போச்சு. உனக்குத் தெரியும், நீயும் ஏத்தியிருப்ப. எங்க காலத்துல எல்லாரோட பேப்பரும் என் பொட்டியிலதான் இருக்கும், கேப்டன் பொறுப்பு. இவளோட கவர மட்டும் காணல. நாலு நாள் தேடறோம். நானும் கூடச் சேந்து தேடறேன். கட்டிலுக்கு அடியில, அரிசி டின்னு பின்னாடி, எல்லா இடமும். எங்க போச்சோ தெரியலயே மங்கை, புதுசா வாங்கிக்கலாம், அடுத்த சீசன் போயிக்கலாம்னு நான் தேத்தறேன்.

அஞ்சாம் நாள் நான் குளிச்சுட்டு வந்து பாத்தா, அவ என் பொட்டியத் திறந்து வச்சுகிட்டுத் தரையில உக்காந்திருக்கா. பொட்டிக்குள்ள ஒரு துணி ஒட்டியிருக்கும்ல, அதுக்குப் பின்னாடி கைய விட்டு கவர எடுத்து மடியில வச்சிருக்கா.

"இது எப்படி கௌசி இதுக்குள்ள போச்சு?"

"துணி கிழிஞ்சிருந்துச்சுல்ல, நழுவிப் போயிருக்கும்."

"கிழிஞ்சிருந்துச்சு. ஆனா அதுமேல திரும்பத் தச்சிருக்கு. நான் நூலப் பிரிச்சுத்தான் எடுத்தேன்."

ஆமா, தச்சேன். என் பொட்டி, கிழிஞ்சா தைக்க மாட்டேனா? உள்ள என்ன கிடக்குன்னு பாத்துகிட்டா தைப்பாங்க? அதுக்கு ஒருத்தி அப்படிப் பாக்கணுமா? அன்னைலேர்ந்து பாய எடுத்துகிட்டுப் போயி ஹால்ல படுத்தா. ரூம்ல காத்து வரலையாம். எட்டு வருஷமா வந்த காத்து அந்த வாரம் வரலையாம்.

கடைசி தேதிக்கு முந்தின நாள் பேப்பர் ஏறிடுச்சு. டிக்கெட்டும் வந்துடுச்சு.

ஐப்பசி மாசம். முந்தின நாள் நல்ல மழை. உன்ன மாதிரிதான், மறுநாள் அவளுக்கு ரயில். பயிற்சிக்கு வரலன்னுட்டா. பொட்டி கட்டணும்னா. நான்தான் போயி கூப்பிட்டேன். இத்தனை வருஷம் என் கூட ஆடிட்டு, ஒரு வார்த்தை பேசாமயே போயிடுவியாடின்னு கேட்டேன். அழுதுட்டேன்னு நினைக்கிறேன். அவளுக்கு மனசு கேக்கல. வந்தா. அவ கட்டும் நான்தான் போட்டேன். எல்லாரும் போட்டோ எடுத்துகிட்டோம், சார் கேக் வாங்கிட்டு வந்திருந்தாரு. நல்லாத்தான் இருந்துச்சு.

ரெண்டு டீமாப் பிரிஞ்சு ஆடினோம். அவ அந்தப் பக்கம். அவளுக்கு எதிரா ஆடினதே கம்மி நான், எப்பவும் சார் எங்க ரெண்டு பேரையும் ஒண்ணாத்தான் விடுவாரு. அன்னைக்கு அவளே கேட்டு அந்த டீமுக்குப் போனா. சிரிச்சுகிட்டே ஓடறா. எனக்கு அது பிடிக்கல. ஆட்டத்துல என்ன சிரிப்பு? கால் இங்க இருக்கு, ஆளு கோவா போயாச்சு. ரெண்டு தடவ என்னத் தாண்டிப் போயி கோல் அடிச்சா. ரெண்டாவது தடவ அடிச்சுட்டு பிந்து தோள்ல தட்டினா. பிந்துதான் கோல்கீப்பர், அப்பவும் அவதான். அங்க நிக்கிறாளே, நெட்டையா, அவ. ரெண்டு பேரும் ஏதோ சொல்லிச் சிரிச்சாளுங்க.

மூணாவது தடவ வர்றா. தரை ஈரம். நான் சறுக்கிப் போனேன். அவ்வளவுதான்.

விரல்ல சொடக்கு எடுத்தா வருமே, அந்த மாதிரி ஒரு சத்தம். சின்ன சத்தம். ஆனா கிரவுண்டுல எல்லாருக்கும் கேட்டுச்சு.

அவ கத்தல. புல்லக் கையால பிடிச்சுகிட்டு மேல பாத்துகிட்டுக் கிடந்தா. வலது முட்டி. மொதல்ல ஓடிப் போயி அவ தலைய மடியில வச்சவ நான். பிந்து வந்து என் கையத் தட்டி விட்டா. பயத்துல என்ன செய்யறோம்னு பிள்ளைங்களுக்குத் தெரியாதுல்ல.

பாண்டிச்சேரில ஸ்கேன் எடுத்தாங்க. முட்டிக்குள்ள லிகமென்ட் அறுந்துடுச்சு, ஆபரேஷன் பண்ணணும், ஒன்பது மாசம் ஓடக் கூடாதுன்னாங்க. கோவாக்காரங்களுக்கு சார் போன் பண்ணினாரு. நான் பக்கத்துல நின்னு கேட்டுகிட்டு இருந்தேன். சரி வேற ஆளப் பாத்துக்கறோம்னு சொல்லிடுவாங்கன்னு நினைச்சேன். அவங்க என்னடான்னா, குணமாகட்டும், அடுத்த சீசன் வரட்டும், காத்திருக்கோம்னுட்டாங்க. நல்ல மனுஷங்கதான். நான் எதிர்பாக்கல.

ஆபரேஷன் முடிஞ்ச மறுநாள், நான் மட்டும் கூட இருக்கேன். கஞ்சி எடுத்து வாய்கிட்ட கொண்டு போறேன். வாயத் திறக்கல.

"கௌசி, பந்து அந்தப் பக்கம் இருந்துச்சு"ன்னா.

"எந்தப் பக்கம்?"

"என் இடது கால்ல. நீ பந்தப் பாக்கவே இல்ல. என் முட்டியப் பாத்துகிட்டே வந்த."

மெதுவாத்தான் சொன்னா. கோவமாக்கூட இல்ல. மயக்க மருந்து குடுத்தா அப்படி ஏதாச்சும் தோணும்னு நர்ஸ் சொன்னாங்க. நானாப் போயி கேட்டேன் அந்த நர்ஸ்கிட்ட. ரெண்டு தடவ கேட்டேன்.

நீயே சொல்லு, ஓடற ஓட்டத்துல பந்து எந்தப் பக்கம் இருந்துச்சுன்னு யாருக்கு ஞாபகம் இருக்கும்? எனக்கு இல்ல. பச்சை சாக்ஸ் போட்டிருந்தா. வலது சாக்ஸ் கொஞ்சம் இறங்கிக் கிடந்துச்சு. முட்டிக்குக் கீழ ஒரு கொசுக்கடி சொறிஞ்சு சிவந்திருந்துச்சு. அதெல்லாம் இப்பவும் கண்ணு முன்னாடி நிக்குது. பந்து மட்டும் ஞாபகத்துக்கு வரல.

அதுக்கப்புறம் பயிற்சி ஆட்டத்துல யாரும் சறுக்கி டேக்கிள் பண்ணக் கூடாதுன்னு சார் ரூல் போட்டாரு. எல்லாருக்கும் பொதுவாத்தான் சொன்னாரு. ஆனா என்னப் பாத்துகிட்டே சொன்னாரு.

ஊருக்கு அனுப்ப முடியல. அங்க அவ வீட்ல கக்கூஸ் கிடையாது, முட்டிய மடக்கி உக்காரவும் கூடாது. அம்மா வேலைய விட்டுட்டு வர முடியாது. அதனால திரும்ப நம்ம வீட்டுக்கே, என் ரூமுக்கே வந்தா. அஞ்சு மாசம் நான் பாத்தேன். குளிப்பாட்டினது, தலை வாரினது, மாடிப்படி ஏத்தினது இறக்கினது எல்லாம் நான்தான். மத்தவளுங்க உதவிக்கு வந்தா வேணாம்னுடுவேன். அவளுங்களுக்குப் பிடிக்கத் தெரியாது. அவ பேசறது குறைஞ்சு போச்சு. நான் ரெண்டு பேருக்கும் சேத்துப் பேசிக்குவேன். தப்பா நினைக்காத கீர்த்தி, என் வாழ்க்கையில நல்ல மாசம் எதுன்னு கேட்டா அந்த அஞ்சு மாசத்தத்தான் சொல்வேன்.

வாரா வாரம் கோவாலேர்ந்து போன் வரும். அப்ப மட்டும் அவ குரல் மாறும். இந்தி வேற கத்துக்க ஆரம்பிச்சா, செல்போன்ல பாத்து. நான் ரூமுக்குள்ள வந்தா நிறுத்திடுவா.

அஞ்சாம் மாசம் நல்லா நடந்தா. நடந்தா போதுமா, ஓடணும்ல? பயத்த உள்ளேயே வச்சுகிட்டு இருந்தா எப்படி? டாக்டர் ஓடிப் பாக்கச் சொல்லிட்டாருன்னு சொல்லி தேவனாம்பட்டினம் பீச்சுக்குக் கூட்டிகிட்டுப் போனேன். டாக்டர்கிட்ட நான் கேக்கல, ஆனா கேட்டிருந்தா சொல்லியிருப்பாரு. மணல்ல விழுந்தாலும் அடிபடாதுல்ல. "நிஜமா சொன்னாரா கௌசி?"ன்னு ரெண்டு தடவ கேட்டா. நிஜமான்னேன். அவ கையப் பிடிச்சுகிட்டுக் கூடவே ஓடினேன். கையில அந்தப் பழைய கறை இருந்த இடம் அவ்வளவு மெத்துன்னு இருந்துச்சு. பாதி தூரத்துல முட்டி விட்டுடுச்சு. இந்தத் தடவ கத்தினா. கரையில வலை பிரிச்சுகிட்டு இருந்தவங்க எல்லாம் எழுந்து பாத்தாங்க.

ரெண்டாவது ஆபரேஷனுக்கு அப்புறம் டாக்டர், நடக்கலாம், படி ஏறலாம், பந்து வேணாம்மான்னுட்டாரு. கோவாக்காரங்களும் அப்புறம் கூப்பிடல.

அதோட அவ இங்கயே இருந்திருக்கலாம். கிளப்புல ஏதாவது வேலை குடுக்கச் சொல்லி சார்கிட்ட நானே பேசியிருந்தேன். திருச்சில ஒரு மேட்ச், எல்லாரும் போயிட்டோம். திரும்பி வந்து பாத்தா ரூம் காலி. ஒரு சீட்டு கூட எழுதி வைக்கல. நான் வாங்கிக் குடுத்த ஊன்றுகோல் மட்டும் கதவுக்குப் பின்னாடி சாத்தியிருந்துச்சு.

இப்ப செஞ்சி பக்கம் ஒரு பள்ளிக்கூடத்துல சின்னப் பிள்ளைங்களுக்கு விளையாட்டு சொல்லித் தராளாம். நாற்காலியில உக்காந்து விசில் ஊதுவாளாம். மூணு வருஷம் ஆகப் போவுது. என் நம்பர்லேர்ந்து கூப்பிட்டா எடுக்க மாட்டா. வேற யாரு போன்லேர்ந்தாவது கூப்பிட்டா எடுப்பா, நான் கௌசின்னு சொன்னதும் கட் ஆயிடும். அந்தப் பக்கம் டவர் சரியில்ல போல.

பாரு, அழகா கட்டியாச்சு. இறுக்கமா இருக்கா? இருக்கட்டும், அப்பதான் பிடிப்பு இருக்கும். உன் வலது முட்டி ஓடும்போது கொஞ்சம் உள்பக்கமா சாயுது, உனக்குத் தெரியுமா? ரெண்டு வருஷமா நான் கவனிச்சிருக்கேன். சாருக்குக்கூடத் தெரியாது.

ஏன் கட்ட அவுக்கற? இப்பதான போட்டேன்.

என்ன? சத்தமா சொல்லு, காத்துல கேக்கல.

மங்கையா? மங்கை உனக்குப் போன் பண்ணாளா?

எப்ப, காலையிலயா? உன் நம்பர் அவளுக்கு எப்படி... பிந்து குடுத்தாளா. சரி. என்ன சொன்னா?

இன்னைக்கு ஆட வேணாம்னா. ம். அவ்வளவுதானா? குரல் எப்படி இருந்துச்சு? முன்ன மாதிரியேதான் பேசினாளா, வார்த்தைக்கு வார்த்தை மூச்சு விட்டுகிட்டு? என்னப் பத்தி ஒண்ணும் கேக்கலையா? நல்லா யோசிச்சுச் சொல்லு.

கேட்டாளா? கௌசி இன்னைக்கு ஆடறாளான்னு கேட்டாளா? அப்படியே கேட்டாளா, கௌசின்னு பேரச் சொல்லி?

பாத்தியா. மூணு வருஷமா ஒரு வார்த்தை இல்ல, ஆனா மறக்கல பாரு.

நீ என்ன சொன்ன? தெரியலன்னியா? ஏன் அப்படிச் சொன்ன? மறுபடி கூப்பிட்டா சொல்லு. கௌசி ஆடறா, நல்லா இருக்கா, முன்ன விட நல்லாவே ஆடறான்னு சொல்லு. நீயே பாக்கத்தான போற. இன்னைக்கு நீ அந்த டீம், நான் இந்த டீம். நானே பிரிச்சுட்டேன்.

அதோ சார் வண்டி திரும்புது. ஷூவக் குடு. நீ குனியாத, லேஸ் நான் கட்டி விடறேன். மொதல்ல வலது கால். பிந்துவ எதுக்குக் கூப்பிடற, அவ வந்து என்ன பண்ணப் போறா? ஒரு நிமிஷம்தான், முடிஞ்சுது. கால இழுக்காத கீர்த்தி.

கால இழுக்காதன்னு சொல்றேன்ல.